அசையாதவர்களின் ஆல்பம்: வீட்டுப் புகைப்படமும் வீட்டு வேலையும்

தினம் ஒரு படம் என்று நான் ஆரம்பித்தது 2021 தை மாதம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த சமயம், அலுவலகம் பாதி நாள், வீடு பாதி நாள். மேச்சேரியில் எங்களுடையது தறி வீடு. முன்னறையில் அப்பாவின் குழித்தறி, அதையொட்டி நடை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் தண்ணீர்த் தொட்டி. கையில் இருந்த போனில், இந்தச் சுவர்களுக்குள்ளேயே, நாளுக்கு ஒரு படம். பத்ரகாளியம்மன் கோயில் கூடாது, மாசித் தேர் கூடாது, சூரிய உதயம், மேட்டூர் டேம், சந்தை ஆடு எதுவும் கூடாது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். அன்றாடத்தைப் பதிவு செய்கிறேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். 'அன்றாடம்', 'பதிவு' இரண்டுமே நம் பத்திரிகைகளில் மரியாதை உள்ள சொற்கள். அதனால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அம்மா மட்டும்தான் கேட்டாள். "ஏங்கண்ணு, அதக் கீழ வெச்சுட்டு இந்த அண்டாவ ஒரு கை புடிக்கக் கூடாதா?"

படத்தை எடுத்துவிட்டுத்தான் பிடித்தேன். பிடித்தேனா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு வருடம் போல ஓடியது. ஒரு நாள் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி தாங்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் நல்லவிதமாகத்தான் கேட்டார்: "என்னம்மா வேலை பாக்கறீங்க?" அம்மா தயங்கவே இல்லை. "ஒண்ணும் இல்லீங்க, சும்மா வீட்ல தானுங்க இருக்கறேன்." எனக்குச் சுருக்கென்றது. அப்படி இல்லைங்க சார் என்று குறுக்கே புகுந்து, தார் சுற்றுகிறாள், தண்ணீர் சுமக்கிறாள், அரைக்கிறாள் என்று அடுக்கினேன். சொன்னால் போதாதென்று போனை எடுத்தேன். இரண்டு வருடத்து அன்றாடமும் அதில் இருக்கிறதே, காட்டிவிடலாம் என்ற தைரியம். விரலால் தள்ளத் தள்ள எனக்கே பகீரென்றது. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா டீ குடிக்கிறாள். அம்மா பூனையைப் பார்க்கிறாள். அம்மா சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறாள். மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எடுக்கறீங்களே சார்" என்றார்.

அன்றாடத்தை எடுத்தவனிடம் அன்றாடம் இல்லை. எங்கே போயிற்று அது? யார் எடுத்துவிட்டார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பதில் பாதி கேமராவின் இயந்திரத்தில் இருக்கிறது, பாதி வீட்டின் அமைப்பில் இருக்கிறது. மீதி என்று ஒன்று உண்டானால் அது என் கையில் இருந்தது.

முதலில் இயந்திரம். கேமரா என்பது வெளிச்சத்தைச் சேகரிக்கும் பாத்திரம். வெளிச்சம் தாராளமாக இருந்தால் பாத்திரம் சட்டென்று நிறைந்துவிடும். மத்தியான வெயிலில் ஆயிரத்தில் ஒரு நொடி போதும். வெளிச்சம் குறையக் குறைய மூடியை அதிக நேரம் திறந்துவைக்க வேண்டும். எங்கள் முன்னறையில் அறுபதில் ஒரு நொடி. சமையல்கட்டில் பத்தில் ஒரு நொடி, மழைநாளில் அதைவிட அதிகம். பத்தில் ஒரு நொடி என்பது கேட்பதற்குத்தான் சின்னது. நொடிக்கு அரை மீட்டர் நகர்கிற ஒரு கை, அந்த நேரத்துக்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை இருக்காது. கை இருந்த இடத்தில் புகை போல ஒரு இழுப்பு இருக்கும். சுவர் தெளிவாக விழும், அலமாரி தெளிவாக விழும், எவர்சில்வர் டப்பாக்கள் பளிச்சென்று விழும். வேலை செய்கிற கை மட்டும் கரைந்துபோகும். பிளாஷ் போடலாமே என்பார்கள். போட்டால் கை உறையும், வாஸ்தவம். ஆனால் பளீரென்று அடித்ததும் வேலையும் நின்றுபோகிறது. "ஏண்டா கண்ணக் குருடாக்கற" என்று அம்மா திரும்புகிற முகம்தான் அடுத்த படத்தில் இருக்கும்.

இது போனில் புதிதாகப் புறப்பட்ட கோளாறு இல்லை. புகைப்படம் பிறந்த வீட்டிலேயே இருந்தது. 1838இல் பாரிஸில் தாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவை எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிந்துகொண்டிருந்த பூல்வார் தூ தாம்ப்ள் தெரு. தகட்டில் படம் விழப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தது. அதனால் நடந்தவர்கள், ஓடியவர்கள், சுமந்தவர்கள், குதிரைகள் யாருமே தகட்டில் இல்லை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரே ஒரு ஆள் மட்டும் மூலையில் நிற்கிறார். ஒற்றைக் காலைத் தூக்கி வைத்து, பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொள்கிறார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று வரலாற்று நூல்கள் இவரைத்தான் காட்டுகின்றன. கீழே குனிந்து பாலீஷ் போட்டவர்? அவரும் அதே இடத்தில்தான் அதே நேரம் இருந்தார். ஆனால் அவர் கை ஓடிக்கொண்டிருந்தது. ஆள் என்றும் சொல்ல முடியாத, நிழல் என்றும் சொல்ல முடியாத ஒரு கறையாக எஞ்சியிருக்கிறார். யாருக்காக இன்னொருவர் வேலை செய்கிறாரோ அவர் தெளிவாக விழுகிறார், வேலை செய்கிறவர் மங்குகிறார். என் போனில் நடந்ததும் இதேதான்.

அடுத்தது வீட்டின் அமைப்பு. எங்கள் வீட்டில் வெளிச்சம் எல்லோருக்கும் சமமாக இல்லை. தறிக்கு வெளிச்சம் வேண்டும். இழை அறுந்தால் தெரிய வேண்டும், கரை பிசகினால் தெரிய வேண்டும். ஆகவே ஜன்னல் தறிக்கு. அப்பா குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் அவர் முகத்தில், தோளில், பாவில் பக்கவாட்டு வெளிச்சம் விழும். ஓவியர்கள் தேடி அலைகிற வெளிச்சம் அது. அவர் கையும் ஓடுகிறது, நாடாவும் பறக்கிறது. ஆனால் உடம்பு ஒரே இடத்தில் இருக்கிறது, முகம் ஒரே கோணத்தில் இருக்கிறது. அப்பாவை எந்த நேரத்தில் எடுத்தாலும் படம் 'அமைந்துவிடும்'. அம்மா தார் சுற்றுவது நடையின் கோடியில். நூல் சிட்டத்தை மாட்டி, ஒரு கையால் ராட்டையைச் சுற்றி, மறு கையால் தார்க்குச்சியில் நூலை ஏற்ற வேண்டும். அதற்கு ஜன்னல் தேவையில்லை, கை அறிந்த வேலை, இருட்டிலும் நடக்கும் என்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள். கூலியும் அப்படித்தான். கூலி புடவைக்கு. புடவை தறிக்காரர் கணக்கு. தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் புடவை இல்லை. ஆனாலும் வீட்டு ஆள் சுற்றுகிற தாருக்குத் தனிக் கூலி என்று எங்கள் வீட்டில் ஒரு பைசா எண்ணிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கூலி விழுகிற இடத்தில் ஜன்னல் இருக்கிறது, ஜன்னல் இருக்கிற இடத்தில் படம் விழுகிறது. இந்த வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமும் ஒரு ஆஸ்பத்திரி நடையும் தேவைப்பட்டன.

மூன்றாவது என் கை. மங்கலான படங்களை நானும் எடுத்துத்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு ஒன்று என்று விதி இருந்தாலும் பத்துப் பதினைந்து சொடுக்கி, அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதுதான் பழக்கம். அழிந்தவை எல்லாம் 'ஷேக் ஆன' படங்கள். அண்டாவைத் தூக்குகிற அம்மா, அம்மிக்கல்லில் இழுபடுகிற அம்மா, ராட்டையோடு ராட்டையாகச் சுழன்றுபோன அம்மா. போதாக்குறைக்கு இடம் நிறைந்துபோனால், மங்கலான படங்களை நீக்கட்டுமா என்று போனே கேட்கிறது. எத்தனை பணிவு! நீக்கு என்று ஒரு தட்டு. ஒரு தட்டில் ஒரு வாரத்து உழைப்பு காலி. யாரும் என்னைத் தணிக்கை செய்யச் சொல்லவில்லை. அழகுணர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று எனக்குள் உட்கார்ந்து அந்தத் தணிக்கையைச் செய்துகொண்டிருந்தது. அதிகாரம் நம் ரசனைக்குள்ளிருந்து செயல்படுகிறது என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் பெருவிரலுக்குள்ளிருந்து செயல்பட்டதைப் பார்க்கவில்லை.

சரி, இதற்கு முன்னால் நம் வீடுகளில் படம் எப்படி இருந்தது? எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் எனக்கு முந்தைய தலைமுறைப் படங்கள் ஒரு கை அளவுதான். அப்பா அம்மா கல்யாணத்தில் எடுத்தது, எனக்கு மொட்டையடித்த அன்று ஸ்டுடியோவில் எடுத்தது, ஒரு ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் பூங்காவில் குடும்பமாக நின்றது. எல்லாவற்றிலும் எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள், கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. சிரிப்பு கிடையாது. பிலிம் விலையும் கழுவிப் பிரிண்ட் போடும் கூலியும் சேர்ந்தால் அந்தக் காலத்தில் ஒரு படம் ஒரு செலவு. சுருளுக்கு முப்பத்தாறு. உதகையில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு 'இந்து' பிலிம் வந்த பிறகும், வீட்டில் கேமரா வைத்திருப்பது வசதிக்காரர் சமாச்சாரம்தான். ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை. பியர் பூர்தியு தன் நண்பர்களோடு 1965இல் வெளியிட்ட புத்தகத்தில் புகைப்படத்தை ஒரு 'நடுத்தரக் கலை' என்று பார்த்தார். பிரான்ஸின் தென்மேற்கில் அவர் பிறந்த பேயார்ன் பகுதிக் குடியானவர்கள், கல்யாணத்துக்கும் முதல் நன்மைக்கும் படம் எடுத்துக்கொள்வார்கள். தினமும் பார்க்கிறதைப் போய் எடுப்பானேன் என்பது அவர்கள் நியாயம். குடும்பம் தன்னைத் தானே ஒன்றாகக் காட்டிக்கொள்கிற சடங்கு அது. அதனால்தான் நேர்ப்பார்வை, விறைப்பு, நல்ல துணி. நம் ஊர் நியாயமும் அதேதான். படம் எடுத்துக்கொள்வது என்றால் வேலையை நிறுத்துவது, முகம் கழுவுவது, தலைவாரிப் பூ வைப்பது, புதுச் சேலை கட்டுவது. உழைக்கிற சாதிகளுக்கு, உழைப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கணம் நிற்பதே கௌரவம். அந்த விறைப்பை 'செயற்கை' என்று நம்மில் சிலர் கேலி செய்கிறோம். வேலை செய்யாமல் நிற்க வாய்த்த ஒரே நிமிடம் அது என்பதை மறந்துவிட்டுச் செய்கிற கேலி.

அரசாங்கத்தின் கேமரா வேறு கதை. சேலம் ஜில்லாவுக்குள் அது வந்து ரொம்ப நாளாகிறது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லினேயஸ் ட்ரைப், இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற ராயக்கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் எடுத்து 1858இல் தொகுப்பாக வெளியிட்டார். கோட்டை, பாறை, நிலக்காட்சி. வீட்டுக்குள் புகுகிற வேலை அவருக்கு இல்லை. பிறகு எட்கர் தர்ஸ்டன் வந்தார். மண்டையளவு, மூக்களவு எடுத்து, படமும் பிடித்து, 1909இல் ஏழு தொகுதிகளாக நம்மைச் சாதி வாரியாக அடுக்கினார். அங்கே நிற்கிறவர்களும் அசையாமல்தான் நிற்கிறார்கள். கௌரவத்துக்காக அல்ல, அளப்பதற்காக. (மேச்சேரி என்கிற பெயரோடு புத்தகங்களில் அச்சாகியிருக்கும் படங்களில் நான் அதிகம் பார்த்தது எங்கள் செம்மறி ஆட்டைத்தான். பழுப்பு நிறம், கொம்பு கிடையாது, தோலுக்குப் பேர் போனது. பக்கவாட்டில் நிறுத்தி எடுப்பார்கள். பொட்டனேரியில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஊர்ப் பெண்களைவிட ஊர் ஆடு அதிகம் படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.) 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. என் ஆயாவுக்குத் தனியாக எடுக்கப்பட்ட ஒரே படம் அதுதான். ஆயா செத்த அன்று அதைத்தான் ஸ்டுடியோவுக்குக் கொண்டு ஓடினோம். அட்டையிலிருந்து தலையை மட்டும் எடுத்து, கம்ப்யூட்டரில் தயாராக இருந்த ஒரு பட்டுப்புடவை உடம்பில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆயாவுக்கு வாழ்நாளில் இல்லாத புடவை, இல்லாத தோள், இல்லாத கை. மடியில் கோத்து வைத்த அந்தக் கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கூடத்தில் மாலையோடு தொங்குகிறது.

ஆகச் சடங்குப் படம், அரசாங்கப் படம் இரண்டுமே அசையாமல் நிற்கச் சொல்பவை. இவற்றிலிருந்து தப்பித்தது அன்றாடப் படம், பிலிம் செலவு ஒழிந்து போன் வந்ததும் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு போலராய்டு எடுத்தார். 1997 அக்டோபர் 25இல் புற்றுநோயில் இறக்கும்வரை பதினெட்டு வருடத்துக்கு மேல். போலராய்டில் அழிக்கிற வசதி கிடையாது, எடுத்தது எடுத்ததுதான். சுமாரான படம், யார் என்றே தெரியாத படம், வெறும் சாப்பாட்டு மேஜை எல்லாம் அதில் அப்படியே கிடக்கின்றன. அந்தத் தொகுப்பின் மதிப்பே அதில்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் அதன் பெயரை மட்டும் காப்பியடித்தேன், ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டை எடுத்த மற்றவர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954), ஓவியர் அம்ரிதாவின் தகப்பனார், அறுபது வருடம் போலத் தன்னையும் மனைவி மக்களையும் எடுத்துத் தள்ளியவர். அபூர்வமான படங்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் எரித்தார்கள் என்று அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஓய்வு உள்ளவர் ஓய்வு உள்ளவர்களை எடுத்தார். தயானிதா சிங்கின் தாயார் நோனி சிங் எடுத்த வீட்டுப் படங்கள் 2013இல் புத்தகமாக வந்தன. தங்கைகள், மகள்கள், உறவுப் பெண்கள். எடுக்கிறவரும் வீட்டுக்காரி என்பதால் அங்கே பார்வை மாறுகிறது, எதிரில் நிற்கிற பெண்கள் விளையாடுகிறார்கள். ஆனாலும் அதுவும் பெரும்பாலும் நல்ல புடவைகளின் உலகம்தான். சோரப் ஹுராவின் தாயாருக்கு 1999இல் மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்தார்கள். அவர் தன் வீட்டை வருடக்கணக்கில் எடுத்து உண்டாக்கிய புத்தகங்களில் சட்டகம் கோணலாக இருக்கும், படம் இருண்டிருக்கும், கரகரவென்று இருக்கும். அழகாக எடுக்கத் தெரியாதவர் அல்ல. அந்த வீட்டை அழகாக எடுத்தால் அது பொய்யாகிவிடும்.

இந்த விஷயத்தை நேருக்கு நேர் கேட்டவர் பிரிட்டனின் ஜோ ஸ்பென்ஸ் (1934–1992). கடைத்தெரு ஸ்டுடியோவில் கல்யாணப் படமும் குழந்தைப் படமும் எடுத்துப் பிழைத்தவர் என்பதால், குடும்ப ஆல்பம் எப்படித் தயாராகிறது என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். 1979இல் 'குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்' என்று தன் சொந்த ஆல்பத்தையே பிரித்துப் போட்டார். ஆல்பத்தில் ஏன் சண்டை இல்லை, வியாதி இல்லை, வேலை இல்லை, பாத்திரம் விளக்குகிற படம் ஒன்றுகூட ஏன் இல்லை? 1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையையும் தன் உடம்பையும் எடுத்தார். எனக்குப் பிடித்தது அவர் துணிச்சல் மட்டுமல்ல, அவர் கேள்வியின் முறை. ஆல்பத்தில் இருப்பதை வியாக்கியானம் செய்யாமல், இல்லாததைக் கணக்கெடுக்கிறார்.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரை ப. பழனிக்குமார், 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தவர், மலக்குழித் தொழிலாளர் வாழ்வைத் தொடர்ந்து எடுப்பவர். மீன் விற்கிற தன் தாயாரைப் பற்றி ஒரு படத் தொடர் செய்தார். விடியுமுன் மீன் வாங்கப் போகிற அம்மாவை, தெருவிளக்கு வெளிச்சத்தில். அங்கே இருட்டு குறை இல்லை, அதுதான் அந்த வேலையின் நேரம். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தலித் குடும்பத்தில் பிறந்து வெளியே சுற்றிப் படம் எடுத்தவர். 2020 ஊரடங்கு அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. வேறு வழியின்றிக் குடும்பத்தையே எடுத்தார். அவர் பாட்டி அந்த ஊரில் பள்ளிக்கூடம் நிறுவியவர் என்கிற சரித்திரமும் அந்தப் படங்களோடு சேர்ந்து வெளியே தெரிந்தது. தலித் குடும்பம் என்றாலே துக்கத்தை மட்டும் எதிர்பார்த்த கண்களுக்கு, தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைகளும் சாவகாசமாகப் படுத்திருக்கிற உடம்புகளும் ஒரு அதிர்ச்சி. இங்கே என் வாதத்தை நானே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓய்வைக் காட்டுவது எல்லா இடத்திலும் பொய் ஆகாது. ஓய்வு மறுக்கப்பட்டவர்களின் ஓய்வு ஒரு உரிமைப் பிரகடனம். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்த படமும் அந்த வகையில் சேர்த்தி என்று வாதாடலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்ததுதான் பிரச்சினை.

இன்னொரு பக்கமும் வழுக்கல் உண்டு, தோழர்களுக்குத் தெரிந்ததுதான். உழைப்பைக் காட்டுகிறோம் என்று புறப்பட்டு, சுருக்கம் விழுந்த கிழவி முகம், வெடித்த பாதம், வேர்த்த முதுகு என்று நம் பத்திரிகை அட்டைகளில் போட்டுத் தள்ளினோம். அந்தக் கிழவியின் பேர் என்ன, படம் அச்சானது அவளுக்குத் தெரியுமா, பிரதி ஒன்று போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் ஆசிரியர் குழு கூரையைப் பார்க்கும். உழைப்பை அழகாக்குவதும் உழைப்பை அழிப்பதும் ஒரே கை செய்கிற இரண்டு வேலைகள். இரண்டிலும் படம் எடுக்கிறவன் அந்த நேரம் சும்மா இருக்கிறான்.

ஆமாம், சும்மா இருக்கிறவன் அவன்தான். ஒரு வீட்டில் கேமராவை யார் பிடிக்க முடியும் என்றால், அந்த நேரம் கை காலியாக இருக்கிறவர்தான் பிடிக்க முடியும். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 97. ஈடுபடுகிற ஆண்களே குறைவு என்பது தனி. இடையிலுள்ள 202 நிமிடத்தில் எவ்வளவு பார்க்கலாம், எவ்வளவு எடுக்கலாம்! நம் கலையுணர்வின் மூலதனம் அங்கேதான் கிடக்கிறது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, அதை உதவித்தொகை என்று அழைக்காமல் உரிமை என்று பெயர் வைத்தது சின்ன விஷயம் அல்ல. அம்மா அதை வாங்கி வந்த அன்றும் கேட்டேன், இது எதுக்கும்மா தர்றாங்க என்று. "சும்மா இருக்கறதுக்குத்தான்" என்று சிரித்தாள். அந்தச் சொல்லை அவளிடமிருந்து பிடுங்குவது அவ்வளவு லேசில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்ன செய்தேன் என்று கேட்கலாம். புரட்சி எதுவும் நடக்கவில்லை. அழிப்பதை நிறுத்தினேன். பத்து எடுத்தால் பத்தும் இருக்கும். மங்கல்களைத் தனியாகப் போட்டுவைக்கத் தொடங்கியதும் ஒன்று புலப்பட்டது. புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தாலே என்ன வேலை என்று தெரிகிறது. ராட்டைக்கு வட்டம், அம்மிக்கு முன்பின் இழுப்பு, தண்ணீர்க் குடத்துக்கு மேலிருந்து கீழ் ஒரு சாய்வு. வலது தோளிலிருந்துதான் பெரும்பாலான புகை கிளம்புகிறது. இப்படி ஒரு கட்டு படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோனேன். "இது என்ன சார் ஒண்ணும் தெரியலயே" என்றார். விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மாத்திரையோடு, கையை மாற்றிச் சுற்றச் சொல்லி ஒரு பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். மாற்றிச் சுற்றினால் நூல் தளர்கிறது என்று அம்மா இரண்டே நாளில் விட்டுவிட்டாள். இப்போது காலையில் தாரில் பாதி நான் சுற்றுகிறேன். மோசமாகச் சுற்றுகிறேன். அப்பா தறியிலிருந்தே திட்டுகிறார்.

வீட்டில் தினமும் படம் எடுக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்ததும் தப்பு. என் மனைவியின் போனைப் பார்த்தேன். கரண்ட் மீட்டர், கேஸ் சிலிண்டர் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, பிள்ளையின் வீட்டுப்பாடம், மாத்திரை அட்டையின் பின்பக்கம், புடவையில் இழை அறுந்த இடம். தினமும் நாலைந்து, வருடக்கணக்கில். இதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை, கலை என்றும் சொல்லவில்லை. என் இரண்டு வருடத்துக் கோப்பைவிட அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்கிறவை அவை. தேதி வாரியாக அடுக்கினால் ஒரு குடித்தனத்தின் பொருளாதாரமே இருக்கிறது. அச்சிடலாமா என்று கேட்டேன். "மீட்டர் நம்பர எதுக்குங்க ஊருக்கெல்லாம் காட்டணும்" என்று போனை வாங்கிக்கொண்டாள். நியாயம்தான்.

போன வைகாசியில் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தபோது, அம்மாவின் கையில் என் போனைக் கொடுத்து எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அம்மா ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஒன்று எடுத்தாள். நடையின் அந்தக் கோடியிலிருந்து வாசலைப் பார்த்து. நான் நிலைப்படியில் நிற்கிறேன், வெளிச்சம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தலைமுடி, காது, தோள் எல்லாம் கத்தரித்து எடுத்த மாதிரி அத்தனை தெளிவு. அம்மா போனைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு அக்கா மகளிடம் நீட்டினாள். "இத அழிச்சுரு சாமி. தறியவே காணோம் பாரு. இவன அக்கட்டால போகச் சொல்லிட்டு இன்னொண்ணு எடுக்கலாம்."